கைக்குக் கை கொடாத கத்தி

செப்டெம்பர் 20, சனி

புரட்டாதிச் சனியும் அதுவுமாய் மான் தோல் உரிக்கிற கத்தி வாங்கப் போனேன். வேட்டைக்காரன் நானில்லை, என் மகள் ஆரணி. அடுத்த கிழமை ஒரு நோர்வேச் சிநேகிதனின் குடும்பத்தோடு முதல்முதலாக எல்க் மான் வேட்டைக்குப் போகிறாள். அந்தச் சிநேகிதன் ஆர் என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வருமோ என்று பயம். அதனால், கத்தியை நானே வாங்கித் தருகிறேன் என்று நின்றேன்.

கடையில், கூட வந்த ஆரணிக்கு நல்லாய் மினுங்கிய பெரிய கத்தியைக் காட்டினேன்.

"அப்பா, இது ஊரிலை பங்கு போடுற இறைச்சி வெட்ட இல்லை!"

கடைக்காரர் சிரித்துக்கொண்டு கையளவு கத்தி ஒன்றை எடுத்தார். ஒரு முழு மானை உரித்து முடிக்கும்வரை கூர் போகாதாம். ஆனால் துடைக்காமல் விட்டால் கறள் பிடிக்குமாம். பிடியை என் பக்கம் நீட்டினார். கத்தியைக் கைக்குக் கை வாங்கினால் பகை என்று நான் வாங்காமல் நின்றேன். அவரும் நீட்டியபடியே நின்றார். இரண்டு சிலைகள். கடைசியில் ஆரணிதான், கீழே வைக்கச் சொன்னாள்.

ரொம்சோஸில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் மனம் எங்கேயோ காட்டுப் பனிப்புகாருக்குள் நடந்துகொண்டிருந்தது. அந்த நினைப்பில் கத்தியை நானே அவளுக்கு நேராய் நீட்டிவிட்டேன்.

அவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"மேசையிலை வையுங்கோ அப்பா. உங்களோடை கோவிக்க எனக்கு ஏலாது."

வைத்தேன். எடுத்தாள்.

கண்ணை மூடினால் புகாருக்குள் ஒரு மான் நிற்கிறது. பக்கத்தில் என் பிள்ளை. அவளுக்குப் பக்கத்தில் முகம் தெரியாமல் ஒருத்தன். நாளைக்கு அவன் பெயரைக் கேட்கவேணும்.