மூலை மடித்த சீட்டு

1956, ஜனவரி 1. ஓசூர்.

தற்செயல் இல்லை. சீட்டின் மூலையை மடித்து வைத்தது நான்தான்.

புத்தாண்டு ஆராதனையில், அந்த வருஷத்துக்கான வேதவசனம் எழுதிய வாக்குத்தத்தச் சீட்டை ஆளுக்கொன்று எடுப்பது எங்கள் சபையின் வழக்கம். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று போதகர் என்னையே எழுதச் சொல்லியிருந்தார். கிருபை நிரம்பி வழியும் என்ற சீட்டை எனக்கென்று அடையாளம் வைத்தேன்.

தட்டு என்னிடம் வருமுன் ரூத் அதை எடுத்துவிட்டாள். போன வருஷம்தான் ஞானஸ்நானம் பெற்றவள். ஜெபம் தொடங்கியதுமே அவளுக்குக் கண் நிறைந்துவிடும். நான் பிறந்ததிலிருந்து சபையில் இருக்கிறேன், எம்.ஏ. படித்திருக்கிறேன், ஒருமுறைகூட அழுததில்லை. இதுவும் அவளுக்கா?

அவளுக்கு எழுத்து தெரியாது. ஆராதனை முடிந்து கோவில் வாசலில் சீட்டை என்னிடமே நீட்டினாள்.

"எனக்கு என்னக்கா வந்திருக்குது? படிச்சுச் சொல்லு."

எனக்கு வந்த சீட்டில் இருந்ததைச் சொன்னேன். துன்பத்தில் பொறுமை வேண்டும் என்பது அது.

"எம் புருசனோட குடும்பம் நடத்த இதுதாங்க்கா வேணும்!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பின் மேலும் பொறாமைப்பட்டேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய், காலையில் சொன்னது பொய் என்றேன். அவளுடைய சீட்டைச் சரியாகப் படித்தேன். மூலையை மடித்ததையும் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன்.

"வழியும்னுதானே போட்டிருக்குது? வழியறத நீ புடிச்சுக்கோக்கா. உள்ள வா."

இப்படிச் சொல்லவும் அவளுக்குத்தான் வருகிறது. எனக்குப் பொறாமை தீரவில்லை. அவள் போட்ட களியைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.