பதினைந்து சொட்டு

22.7.2024, திங்கள்

இறுதியாண்டு மாணவர்களின் குறும்படக் கதைகள் மேசைக்கு வந்துவிட்டன. எட்டுக் குழு. அதில் ஐந்து குழுவுக்கு மனநோய்தான் கதை. போன வருடம் எல்லோருக்கும் செல்போன் அடிமைத்தனம். அதற்கு முந்தைய வருடம் ஏரி ஆக்கிரமிப்பு. இந்த வருடம் இது மலிந்திருக்கிறது.

ஐந்திலும் கண்ணாடி உடைகிறது. நான்கில் தலைவிரிகோலம். ஒன்றில் நோயாளி தன் பெயரையே சுவர் முழுக்க எழுதுகிறான். "உங்களில் யாராவது இப்படி ஒருவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். கேமரா பிடிக்கும் தேவா, "சினிமால பாத்திருக்கோம் மேம்" என்றான். வகுப்பே சிரித்தது. பொய் சொல்லவில்லை அவன்.

ஐந்தையும் திருப்பிக் கொடுத்தேன். பூந்தமல்லிக் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாகத் திரைக்கதைத் தாள் எடுக்கிறேன். திருப்பிக் கொடுப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாக வருகிறது.

கார்த்தி காபி குடித்தான்.

23.7.2024

குடித்தான்.

29.7.2024

கிருஷ்ணப்பிரியா மூன்றாவது முறையாக ஆசிரியர் அறைக்கு வந்தாள். தேவாவின் குழுவுக்கு அவள்தான் இயக்குநர். கையில் கிழிந்த ஸ்கிரிப்ட், முகத்தில் கோபம். "வேணாம் வேணாம்னு மட்டும் சொல்றீங்க மேம். அப்ப எப்படித்தான் காட்டுறது?"

நியாயமான கேள்வி. அறையில் வேறு யாரும் இல்லை. மின்விசிறி கூட ஓடவில்லை.

"எனக்கு ஒரு குடும்பத்தைத் தெரியும்" என்று ஆரம்பித்தேன்.

அக்கா, தம்பி. தம்பிக்கு நோய். தண்ணீர் மோட்டார் ஓடும்போது அந்தச் சத்தத்துக்குள் பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றிப் பேசுவதாகக் கேட்கும் அவனுக்கு. மாத்திரை கொடுத்தால் துப்புவான். ஒரு முறை வற்புறுத்தியதில் அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. பிறகு ஒரு டாக்டர் நிறமில்லாத, ருசியில்லாத சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து காலைக் காபியில், அவன் பெயர் வெட்டிய டம்ளரில், பதினைந்து சொட்டு. அவன் குடித்து முடிக்கும் வரை அக்கா சமையலறை வாசலில் பேப்பர் படிப்பதுபோல் நிற்பாள். அவனுக்கு எதுவும் தெரியாது. தானாகவே குணமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அவள் எழுதிக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அந்த அக்கா யார்கிட்டயும் சொன்னதில்லையா மேம்?" என்றாள்.

"இல்லை" என்றேன்.

30.7.2024

ஏன் சொன்னேன்?

ஒரே ஒரு ஸ்கிரிப்டாவது சரியாக வரட்டும் என்றா? அது கௌரவமான பதில். உண்மையான பதில் வேறாக இருக்கலாம். ஒன்பது வருடம். அம்மா போன பிறகு ஆறு வருடம், இதைத் தெரிந்த இன்னொரு ஆள் இந்த வீட்டில் இல்லை. இந்த நோட்டில்கூட "குடித்தான்" என்று மட்டும்தான் எழுதுகிறேன்.

கார்த்தி இன்று காலை ஷேவ் செய்துகொண்டே, "எங்க ஜெராக்ஸ் கடையில கஜபதியோட சம்சாரம் தூக்க மாத்திரை போடறாங்களாம். அதெல்லாம் பழகிடக் கூடாதுன்னு சொன்னேன். என்னையே பாருங்க, மனசை நானே சரி பண்ணிக்கிட்டேன்னேன்" என்றான். நாற்பத்து நான்கு வயதில் அவனுக்கு இருக்கும் ஒரே பெருமை அது. நான் தலையாட்டினேன். நன்றாகத்தான் ஆட்டுகிறேன்.

18.9.2024

படத்தின் முதல் வடிவம் பார்த்தேன். பதினொரு நிமிடம். கண்ணாடி உடையவில்லை. அக்காவாக நடிக்கும் பெண் சொட்டுகளை உதட்டுக்குள் எண்ணுகிறாள். பேப்பரை வைத்துக்கொண்டு நிற்கிறாள், பக்கம் திருப்ப மறந்து. தண்ணீர் குடித்தேன்.

முடிவு மட்டும் பிடிக்கவில்லை. கடைசியில் அக்கா அந்தக் காபியைத் தானே குடித்துவிடுகிறாள்.

"அந்த அக்கா அப்படிச் செய்ய மாட்டாள்."

"ஏன் மேம்?"

"மறுநாள் அவள் வேலைக்குப் போகணும்."

"அது உங்க அக்கா மேம். இது என் அக்கா" என்றாள். திமிர். ஆனால் எனக்கு வாய்த்த மாணவர்களில் இப்படி ஒரு பதில் சொன்னவர்கள் குறைவு. விட்டுவிட்டேன்.

10.10.2024, வியாழன்

மனநல நாள். எல்லோர் சட்டையிலும் பச்சை ரிப்பன். முதல்வர் "ஸ்டிக்மா" என்ற சொல்லை ஒன்பது முறை சொன்னார். வாழ்க்கையில் ஒரு நோயாளியோடு ஒரு வேளை சாப்பிட்டிருப்பாரா தெரியாது. சிறப்பு விருந்தினர், ஒவ்வொரு குடும்பமும் மனம் திறந்து பேச வேண்டும் என்றார். பேசிவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றார்.

கிருஷ்ணப்பிரியாவின் படத்துக்கு முதல் பரிசு. முந்நூறு பேர் கைதட்டினார்கள். திரையில் கடைசியாக: வழிகாட்டி, ஷோபனா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்மா, "இவ்ளோ விவரம் உங்களுக்கு எப்படித் தெரியும் ஷோபனா?" என்றாள்.

"படிச்சேன்" என்றேன்.

13.10.2024, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கே எனக்கு வசதியாக மாற்றிக்கொள்வேன்.

எட்டரைக்கு அழைப்பு மணி. கார்த்தி திறந்தான். கிருஷ்ணப்பிரியா. வேற்காடு கோயிலுக்கு வந்தவள், ஸ்வீட் பெட்டியும் பரிசுக் கேடயமுமாக மேனாம்பேடு வரை வந்திருக்கிறாள். முகவரி அலுவலகத்தில் வாங்கினாளாம். "ஷோபனா மேம் வீடுதானே சார்?"

"வாம்மா, உள்ள வா. நான் அவங்க தம்பி."

எனக்குத் தம்பி இருப்பதே கல்லூரியில் யாருக்கும் தெரியாது.

அவன் உற்சாகமாகப் பேசினான். "எங்க ஜெராக்ஸ் கடையில உங்க காலேஜ் ப்ராஜெக்டு எவ்ளோ பைண்ட் பண்ணியிருக்கேன் தெரியுமா? பாதிப் பேர் தலைப்பு எனக்கு மனப்பாடம். எல்லாரும் கடைசி நாள்தான் ஓடி வருவீங்க." அவள் சிரித்தாள். நான் காபி போட உள்ளே போனேன். ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுவான், இன்னும் கொடுத்திருக்கவில்லை.

சமையலறையில் புகைபோக்கி விசிறி ஓடிக்கொண்டிருந்தது. படத்தைக் காட்டச் சொல்லி அவன் கேட்டதும், அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்ததும் என் காதில் விழவில்லை. பதினைந்து எண்ணினேன். தட்டில் மூன்று டம்ளர் வைத்து எடுத்து வந்தேன்.

ஹாலில் ஒரு பெண் குரல் எண்ணிக்கொண்டிருந்தது. பதிமூன்று. பதினான்கு. திரையில் டம்ளர். அதில் வெட்டிய பெயர். நான் தட்டோடு நிற்கிறேன்.

அவன் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தட்டிலிருந்து தன் டம்ளரை எடுத்து முகர்ந்தான். முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. அதற்காகத்தானே அந்த மருந்து.

"இதுல எவ்ளோ?"

கிருஷ்ணப்பிரியா லேப்டாப்பை மூடினாள். "மேம்... எனக்குத் தெரியாது மேம்." போய்விட்டாள். கேடயம் சோபாவிலேயே கிடந்தது.

"எத்தனை வருஷமா?"

"ஒன்பது."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பொண்ணுக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது." கேடயத்தைப் பார்த்தபடி, "முந்நூறு பேர் கைதட்டினாங்களாம். சொன்னா" என்றான்.

காபியைத் தொட்டியில் கொட்டினான். டம்ளரை இரண்டு முறை தேய்த்துக் கழுவித் தன் அறைக்குள் எடுத்துப் போய்விட்டான்.

14.10.2024

குடிக்கவில்லை.

15.10.2024

குடிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. என் கை பட்ட எதுவும் வேண்டாமாம். கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து குடிக்கிறான்.

18.10.2024

ஜெராக்ஸ் கடை கஜபதி போன் செய்தார். "இன்னா மேடம், ஊட்ல எதுனா பிரச்சனையா? கார்த்தி மூணு வேளையும் இங்கதான் துன்னுகினு கீறாரு. எங்க ஊட்டம்மா டப்பா கட்டிக் குடுத்தாலும் மோந்து பாத்துட்டுதான் தொறக்கிறாரு. வேல எல்லாம் கரீட்டாதான் போவுது. ஆனா ஆளு சிரிக்கவே மாட்டேன்றாரு."

வயிறு சரியில்லை அவனுக்கு என்றேன். அடுத்த பொய். அதுவும் தடங்கல் இல்லாமல் வந்தது.

22.10.2024

காலையில் மோட்டார் போட்டேன். அவன் அறையிலிருந்து வந்து அணைத்தான். மறுபடி போட்டேன். மறுபடி அணைத்தான். மோட்டார் பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

அய்யோ. ஒன்பது நாள்தானே ஆச்சு. ஒன்பது நாளிலயேவா.

இந்த நிற்பு எனக்குத் தெரியும். இதற்குப் பிறகு வயரை வெட்டுவான். பிறகு காணாமல் போவான். 2015இல் இரண்டு நாள் தேடி, வேற்காடு கோயில் வாசலில் செருப்பில்லாமல் கண்டுபிடித்தோம். நான்தான் இதைச் செய்தேன். கூட இருந்து காத்ததும் நான், கைதட்டலுக்காக அவிழ்த்துக் கொடுத்ததும் நான். கைதட்டலுக்காக இல்லை என்று எழுதப் பார்த்தேன். பேனா ஓடவில்லை.

23.10.2024

டாக்டரைப் பார்த்தேன். "ஆறு மாசம்தான், அப்புறம் அவர்கிட்ட சொல்லிடணும்னு அன்னிக்கே சொன்னேன். பாத்துக்கலாம்னு சொல்லிட்டீங்க" என்றார். நிதானமாக, "அப்புறம் நானும் கேக்கல" என்றும் சொன்னார். அந்த ஒரு வரிக்காக அவரை மன்னிக்கலாம். எனக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை.

"நான் இப்ப என்ன செய்யட்டும்?"

"நீங்க சொல்லி அவர் இனிமே கேக்க மாட்டாரு. அவரே வந்தா நான் பேசறேன்."

அவரே வருவாராம்.

26.10.2024, சனி

பதினொரு மணிக்குக் கஜபதி. "மேடம், கார்த்தி காலைல ஒரு கட்டு பேப்பர் எத்தாந்து ஜெராக்ஸ் போட்டாரு, பைண்டிங் பண்ணாரு, கெளம்பிட்டாரு. எங்கப்பான்னு கேட்டா 'சப்மிட் பண்ணணும்'ன்றாரு. போனும் எடுக்க மாட்டேன்றாரு."

பீரோவைத் திறந்தேன். மருந்துச் சீட்டுகள் வைத்திருந்த கோப்பு இல்லை. ஆட்டோ பிடித்து வேற்காடு போனேன். கோயில் வாசல், குளக்கரை, ஷேர் வேன் நிற்கும் இடம். அங்கிருந்து குமணன்சாவடி. பஸ் நிறுத்தத்தில் முதுகைக் காட்டி நின்ற இரண்டு பேரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

நான்கு மணிக்கு வீடு திரும்பினால் ஹாலில் உட்கார்ந்திருக்கிறான். காலில் செருப்பு இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

என் முன்னால் ஒரு ஸ்பைரல் புத்தகத்தை வைத்தான். மேலே கண்ணாடித் தாள், மாணவர்கள் ப்ராஜெக்டுக்குப் போடுவதுபோலவே. முதல் பக்கத்தில் அவன் பெயர், 2015 – 2024. உள்ளே முப்பத்தாறு மருந்துச் சீட்டின் நகல். மூன்று மாதத்துக்கு ஒன்று. எல்லாவற்றிலும் நோயாளி பெயர் கார்த்திகேசன். ஒன்றுக்குக்கூட அவன் போனதில்லை.

"டாக்டர்கிட்ட ஒண்ணு குடுத்துட்டு வந்தேன். ஒன்பது வருஷமா எனக்கு வைத்தியம் பாக்கறாங்க. என்னை அடையாளம் தெரிய அவங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு."

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

"மோட்டார் சத்தத்துல மறுபடி பேச்சு கேக்குதுன்னு சொன்னேன். மாத்திரையா எழுதித் தரச் சொன்னேன். நானே போட்டுக்கறேன்." பிறகு, "கேட்டிருந்தா அன்னிக்கே போட்டிருப்பேன்" என்றான்.

போட்டிருக்க மாட்டான். அம்மாவின் மணிக்கட்டு எனக்கு நினைவிருக்கிறது, அவனுக்கும் இருக்கும். ஆனால் மூன்றாவது வருடம்? ஐந்தாவது? கேட்டிருந்தால்? அவன் சிரித்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்த அத்தனை காலைகளில் ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்காமல் இருப்பது சுலபமாக இருந்தது. பதினைந்து எண்ணினால் போதும்.

"கடைசிப் பக்கத்துல கைடு கையெழுத்து போடு. அது இல்லாம எதுவும் செல்லாதுன்னு உங்க பசங்க சொல்வாங்க."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. பேனாவை நீட்டினான். போட்டேன்.

5.11.2024

தினமும் ஏழு பத்துக்கு என் எதிரில் வந்து நின்று மாத்திரை போடுகிறான். விழுங்கியதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறான், ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸிடம் காட்டியதைப் போல. "பாத்துக்க அக்கா. துப்பல."

"வேண்டாம்டா" என்றால், "இல்ல, பாரு" என்கிறான்.

பார்க்கிறேன்.

2.12.2024

கிருஷ்ணப்பிரியா ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். இன்னொரு கல்லூரி விழாவிலும் படம் தேர்வாகியிருக்கிறது. "எடுத்துடட்டுமா மேம்? எங்கயும் போடல. அழிச்சுடறேன்."

"யாருக்காக?" என்றேன். அவள் அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. நல்ல படம்தான் அது. அவள் செய்த பிழை நன்றி சொல்ல வந்தது மட்டும்.

சாயங்காலம் கார்த்தியிடம் சொன்னேன். அவன் யோசித்து, "போடட்டும். கடைசி சீன் மட்டும் பொய்" என்றான்.

அன்று பாதியில் மூடிய படத்தை எப்போது முழுதாகப் பார்த்தான் என்று கேட்கவில்லை.

27.12.2024

மோட்டார் ஓடுகிறது. அவன் பேப்பரில் குறுக்கெழுத்துப் போடுகிறான். இன்னும் வெளியில்தான் சாப்பிடுகிறான்.

நாக்கைக் காட்டுவது நின்று நாலு நாள் ஆகிறது. நிம்மதி என்று எழுதலாமா? நான் பார்ப்பது இனித் தேவையில்லை என்று பொருள். அவ்வளவுதான்.

19.1.2025, ஞாயிறு

எழுந்து வரும்போது சமையலறையில் சத்தம். பால் காய்ச்சிக்கொண்டிருந்தான். தேடித் தேடி டிகாக்ஷன் பாத்திரத்தை எடுத்தான். உதவ வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றான்.

மூன்று மாதம் கழித்து அவனுடைய டம்ளர் அறையிலிருந்து வெளியே வந்திருக்கிறது. அதில்தான் எனக்குக் காபி. மேசையில், என் கைக்கு எதிரே.

ஒரு விநாடி இருக்கும். அதற்கு மேல் இல்லை. டம்ளருக்குள் பார்த்தேன்.

"பாக்கற இல்ல?" என்றான். கோபமில்லை குரலில்.

பேப்பரை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றான். பக்கம் திருப்பவில்லை.

குடித்தேன்.