என் பிரஷர் இறங்கின கதை

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், நீயும் மருமகளும் அங்க நோய்நொடி இல்லாம இருக்கணும். என் உடம்பைப் பத்தி உனக்கு நான் எழுத வேண்டியதில்ல, என்னைவிட உனக்குத்தான் அது நல்லாத் தெரியுதுன்னு போன வாரம் தெரிஞ்சுக்கிட்டேன். போன்ல சொன்னா பாதியிலயே தண்டுவடம், நரம்புன்னு பாடம் எடுக்க ஆரம்பிச்சிடுவ, அதான் கடுதாசி.

போன தடவை வந்தப்ப நீ படிச்ச முதுகெலும்பு வைத்தியத்தால என் முதுகைச் சரிபண்ணினதை நான் மறக்கல. இருபத்திரண்டு வருஷமா மருந்துக்கடையில நின்னு நின்னு இடுப்பு இறுகிப்போய், கீழ்த்தட்டுல இருக்கிற இருமல் மருந்தை எடுக்கணும்னா யாரையாவது கூப்பிட வேண்டியிருந்துச்சு. நீ குப்புறப் படுக்கச் சொல்லி ரெண்டு இடத்துல நெட்டி எடுத்த, ஒரு வாரத்துல நானே குனிஞ்சு எடுத்தேன். கடைக்கு வர்ற அத்தனை பேர்கிட்டயும் என் மகன் கைராசிக்காரன்னு பெருமையடிச்சேன். அதோட நீ நிறுத்தியிருக்கலாம். அப்பாவுக்கு ஒரு தடவை கழுத்தைத் திருப்பிட்டு குறட்டை போயிடுச்சுன்னு சொன்னியே, அந்த மனுஷன் நீ மறுபடியும் திருப்பிடுவியோன்னு பயந்து அன்னிக்குக் கண்ணையே மூடல.

இப்ப விஷயத்துக்கு வரேன். பின்தெரு தையல்கார அக்கா, நீ பெரியம்மான்னு கூப்பிடுவியே, மாசம் தவறாம என்கிட்ட பிரஷர் மாத்திரை வாங்குறவங்க, ரெண்டு மாசமா கடைப்பக்கம் வரல. போன வாரம் செவ்வாய்க்கிழமை என் வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் தைக்கப் போனா, அக்கா மெஷின் மேல தலையைச் சாய்ச்சுக் கிடக்காங்க. காலையிலிருந்து தலை சுத்துது, இடது கை மரத்துப்போச்சுன்னாங்க. மாத்திரை போட்டீங்களான்னு கேட்டா, நீங்களே நிறுத்திட்டீங்க எனக்கு மட்டும் எதுக்குன்னு சொல்லி போனைத் திறந்து இன்டர்நெட்டுல உன் வைத்தியசாலைப் பக்கத்தைக் காட்டினாங்க. அதுல நான் சிரிச்சிட்டு நிக்கிறேன். என் அம்மா, பதினஞ்சு வருஷ ரத்த அழுத்தம், மூணே தடவையில சரியாச்சு, இப்போ ஒரு மாத்திரைகூட இல்லைன்னு கீழ எழுதியிருக்க. அதுக்கும் கீழ ஆஸ்துமா, அஜீரணம், தூக்கமின்மை, குழந்தைங்க காதுவலின்னு ஒரு பட்டியல். இத்தனை வியாதியும் முதுகெலும்புலதான் குடியிருக்குன்னு தெரியாம நான் தட்டுத்தட்டா மருந்து அடுக்கிட்டிருக்கேன். முன்னாடியே சொல்லியிருந்தா எங்க முதலாளி கடையைக் காலிபண்ணிட்டு ஆளைக் குப்புறப் படுக்கவைக்க ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டிருப்பார்.

உடனே வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பிரஷர் இருநூறைத் தாண்டியிருந்துச்சு. மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னதுன்னு டாக்டர் கேட்டாரு. அக்கா என்னைப் பார்த்தாங்க. என் மகன்தான்னு நான் சொன்னேன். அதைச் சொன்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நீ படிச்ச புத்தகத்துல எந்தப் பக்கத்துலயும் இருக்காது. நாலு நாள் வச்சிருந்து அனுப்பினாங்க. இடது கை விரல் இன்னும் சரியா மடங்கல, கொஞ்சம் கொஞ்சமா வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் தினம் சாயங்காலம் நான் போய் பத்து ஊசியில நூல் கோத்து வச்சிட்டு வரேன்.

ஆஸ்பத்திரியில அக்கா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, நீங்க நிஜமாவே மாத்திரை போடுறதில்லையான்னு. நான் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்துட்டு, அவன் பொய் சொல்ற பையன் இல்லையேன்னாங்க. நீ இங்க இருந்த பத்து நாளும் காலையில எனக்கு மாத்திரைக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்ததே நீதானே தம்பி.

முதுகுவலிக்கு உன் கைக்கு ஈடு கிடையாது, அதை எத்தனை பெரிய எழுத்துல வேணும்னாலும் எழுதி மாட்டு. மத்ததை எல்லாம் எடு. கடையில கூட வேலை பார்க்கிற பொண்ணுகிட்ட கத்துக்கிட்டு, உன் இன்டர்நெட் பக்கத்துல என் படத்துக்குக் கீழ நானே எழுதினேன், நான்தான் இந்த அம்மா, இன்னிக்கும் மாத்திரை போட்டேன், யாரும் நிறுத்தாதீங்கன்னு. அன்னிக்கே நீ அதை அழிச்சிட்டியாம். மறுநாளும் எழுதினேன், அதையும் அழிச்ச. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, காலையில மாத்திரை போட்டதும் இதுதான் இப்ப என் அடுத்த வேலை. படம் அங்க இருக்கிற வரைக்கும் எழுதுவேன்.

வேளைக்குச் சாப்பிடு, மருமகளை நான் கேட்டதாச் சொல்லு. ரெண்டு பேரும் நீண்ட ஆயுசோட, நாலு பேர் நம்பிக்கைக்குப் பாத்திரமா வாழணும்னு அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். அக்காவோட நம்பர் பின்பக்கம் இருக்கு. விளக்கம் எதுவும் சொல்லாம மன்னிப்பு மட்டும் கேளு. அவங்க வலது கையில இருக்கிற ஊசியைக் கீழ போட்டுட்டுத்தான் போன் எடுக்கணும், கொஞ்சம் நேரமாகும். வச்சிடாத.

இப்படிக்கு,
உன் அம்மா