சமதரையில் நின்ற கார்

ஐப்பசி 12, செவ்வாய்

என் காரை ஸ்டார்ட் பண்ணும் செல்ப் மோட்டாரை மாற்ற அட்டன் டவுன் மெக்கானிக் நூற்றைம்பது ரூபா கேட்டான். மலையில் எங்கே நிறுத்தினாலும் சரிவுதானே, உருட்டி ஸ்டார்ட் பண்ணிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

இன்று நெஞ்சுவலியில் கிடந்த கருப்பையாவை ஏற்றத் தோட்டத்து லயத்து வாசல்வரை காரைக் கொண்டுபோனேன். அங்கே சமதரை. அவரைப் பின்சீட்டில் படுக்கவைப்பதற்குள் என்ஜின் அணைந்துவிட்டது. அவர் மனைவி லெட்சுமியும் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்களும் தள்ளினார்கள். ஒருவழியாகப் பற்றிக்கொண்டது. மறுபடி அணைந்துவிடுமோ என்ற பயத்தில் நான் நிறுத்தவே இல்லை. லெட்சுமி கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள்.

"அவ ஏறிட்டாளா?" கண்ணை மூடியபடி கருப்பையா கேட்டார்.

"முன்னால உக்காந்திருக்காங்க" என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் திரும்பிப் பார்த்தபோது உயிர் போயிருந்தது.

லெட்சுமி நடந்தே வந்து சேர்ந்தாள். "என்னையத் தேடுனாரா அண்ணே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றால் நான் அவரிடம் சொன்ன பொய்யையும் சொல்லவேண்டும்; அவளை அவரிடம் கூட்டிப்போனேன்.