ஏரியில் விட்ட தொட்டிச் செடி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிர் தாக்காமல் சுகமாக இருக்க வேண்டும், என் முதல் கவலை எப்போதும் அதுதான். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, என் மூட்டு வலியை விட்டுத் தள்ளினால். மற்றபடி நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உறையைப் பார்த்ததும் பயந்திருப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், தவிர வாயைத் திறந்தால் எனக்கு அழுகைதான் முந்திக்கொண்டு வருகிறது.

ஃபிட்டர் மாமா மாரடைப்பில் போய்விட்டார் என்று போன மாதம் சொன்னோமே, அது பொய். அவர் ஏரியில் மூழ்கித்தான் போனார். பம்பு நிலையத்தில் தண்ணீரை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு இரும்பு வலை இருக்குமே, சின்ன வயதில் அப்பாவோடு போய் எட்டிப் பார்ப்பாயே, அதில் செடி அடைத்துக்கொண்டு பம்பு திணறியிருக்கிறது. அப்பா பம்பை நிறுத்தினார், மாமா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அரிவாளோடு இறங்கினார். ஏரியின் மேல் ஒரு முழக் கனத்துக்குச் செடி மூடியிருக்கிறது, இறங்கிய இடம் உடனே மூடிக்கொண்டது, மேலே வர வழி தெரியவில்லை. கயிறும் வேரில் சிக்கிக்கொண்டது. அப்பா இழுத்து இழுத்து உள்ளங்கைத் தோல் உரிந்து போனது, இன்னும் ஆறவில்லை. போனில் கேட்டதற்கு வெந்நீர் பட்டது என்றாரே, அதுவும் பொய்தான். இந்த வீட்டில் எல்லோரும் பொய் சொல்லப் பழகிவிட்டோம், நான்தான் தொடங்கி வைத்தேன்.

மாமாவைத் தூக்கிய இடத்தில் கரையில் வாரிப் போட்டிருந்த செடியை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். ரோமம் வைத்த சின்ன இலை, தண்ணீர் பட்டால் ஒட்டாமல் உருண்டு ஓடுகிறது. எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும்போது உன் மீன்தொட்டிக்கு வாங்கி வந்தாயே, கடைக்காரர் ஒரு பையில் சும்மா போட்டுக் கொடுத்தார் என்று, அதே செடி. நீ ஊரை விட்டுப் போனதும் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன, இரண்டு மிஞ்சியபோது எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. மீன், செடி, தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் ஊற்றி, குவார்ட்டர்ஸ் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய் ஏரியில் விட்டேன். பாவம், பிழைத்துப் போகட்டும் என்றுதான் விட்டேன். உன்னிடம் மீன்கள் நன்றாக இருக்கின்றன என்று ஒரு வருஷம் புளுகினேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி அம்மாள் விளக்கினார். இது நம் பக்கத்துச் செடியே இல்லையாம், அழகுக்காகக் கடல் தாண்டிக் கொண்டுவந்ததாம், இதைக் கடிக்கிற பூச்சி புழு இங்கே கிடையாதாம். நம் வெயிலும் சூடு குறையாத தண்ணீரும் அதற்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். விதையே வேண்டாம், விரல் நுனி அளவு துண்டு போதும் என்றார். அடியில் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் ஏரி மீன் பாதி செத்துவிட்டது என்று அவர் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன். எனக்குத் தெரியும் என்றார். நீ வாளியோட போனத பம்பு ரூம் ஜன்னல்ல இருந்து பாத்தேன், அழுதுகிட்டே போன, உன்ன எப்படித் தடுக்கறது என்றார். மறு வருஷம் ஒரு பாய் அகலத்துக்குச் செடி படர்ந்தபோதே கண்டுபிடித்துவிட்டாராம். மேலே எழுதிப் போட்டால் எங்கிருந்து வந்தது என்று தோண்டுவார்கள், என் பெயர் வெளியே வரும் என்று எழுதவில்லை. ஃபிட்டர் மாமாவிடம் மட்டும் சொல்லி, இரண்டு பேருமாகத் தினமும் ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்க் கொக்கிக் கம்பால் வாரியிருக்கிறார்கள், மூன்று வருஷம். என்னிடம் சர்க்கரைக்கு நடக்கப் போகிறேன் என்பார், மனுஷனுக்கு இந்த வயதிலாவது புத்தி வந்ததே என்று நானும் பக்கத்து வீட்டிலெல்லாம் பீற்றிக்கொண்டேன். அவர்கள் இழுத்த இழுப்பில் அறுந்த துண்டுகள் காற்றுக்கு ஏரி முழுக்கப் பரவியதுதான் மிச்சம். போன மழைக்குப் பிறகு கைக்கு அடங்கவில்லை. அடைப்பு எடுக்க வெளியிலிருந்து முக்குளிக்கிற ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. கூப்பிட்டால் கேள்வி வரும். மாமாதான், நானே எறங்கறேன் அண்ணே, அண்ணி பேரு எதுக்கு வெளிய வரணும் என்றாராம்.

இதைக் கேட்ட பிறகு நான் எப்படிச் சோறு தின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. ஃபிட்டர் அத்தை தினமும் மத்தியானம் நம் வீட்டுக்குத்தான் வருவாள். தனியாக அந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்பாள். நான் டீ போட்டுக் கொடுப்பேன், அவள் குடித்துக்கொண்டே, இந்தச் செடியக் கொண்டாந்து போட்டவங்க நல்லா இருப்பாங்களா அக்கா என்று கேட்பாள். எதிரில் உட்கார்ந்து நானும் உச்சுக் கொட்டினேன். அவகிட்ட சொன்னா போனவன் வந்துடுவானா, இருக்கிற ஆறுதலும் அவளுக்குப் போயிடும் என்று அப்பா தடுத்தார். பத்து நாள் அவர் பேச்சைக் கேட்டேன். அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

போன வியாழக்கிழமை சொல்லிவிட்டேன், மீன்தொட்டியில் தொடங்கி எல்லாவற்றையும். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள். உங்க செடின்னு அவருக்குத் தெரியுமா அக்கா என்றாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தெரியும் என்றேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. மூணு வருசம் பக்கத்துல படுத்திருந்தாரு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே என்று மட்டும் சொன்னாள். எழுந்து போய்விட்டாள். நாலு நாளாகிறது, வரவில்லை. எதிர்வீட்டில் அவள் ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. அவளை அடித்துப் போட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது எனக்கு.

நாளை அப்பாவும் நானும் அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுக்கப் போகிறோம். வேலை இருக்குமா, இந்த வீடு இருக்குமா தெரியாது. நீ அலறியடித்துக்கொண்டு டிக்கெட் போடாதே. நீ வாங்கிய செடி என்று உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம், வாளியைத் தூக்கியது நான். நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையிடம் எதையும் மறைக்காதே, நல்லதுக்கு என்று தோன்றினாலும் மறைக்காதே. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட காலம் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

ஒரு வேலை மட்டும் மறக்காமல் செய். அத்தைக்கு உன் கையால் ஒரு கடிதம் போடு. என்னை மன்னிக்கச் சொல்லி அதில் ஒரு வரி கூட எழுதாதே. மாமா உன்னிடம் பேசியது, சிரித்தது, உனக்குச் சைக்கிள் பழக்கிய நாளில் சொன்னது, ஞாபகம் இருக்கிற அத்தனையும் எழுது. அவளிடம் அவர் சொல்லாமல் போனது இனி ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது.

உன்
அம்மா