வெடிக்கு எந்திரிச்ச வெள்ளைக் குட்டிங்க

8.9.2002, ஞாயிறு

வெயில். ஒரே புழுக்கம். பவளம் படுக்குற சாக்கெல்லாம் அலசிப் போட்டேன். காஞ்சுது, மேல ஒரு படி சிமெண்டுப் புழுதியோட. ரெட்டிபாளையத்துல துணி துவைக்கிறதும் ஒண்ணுதான், துவைக்காததும் ஒண்ணுதான்.

பவளம் போட்ட குட்டிங்களுக்கு எட்டு வாரம் ஆச்சு. மொத்தம் அஞ்சு. மூணுக்குச் சந்தனப் புள்ளி. ரெண்டு பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. ஒண்ணு கடுவன், ஒண்ணு பொட்டை. ராஜபாளையம் நாயின்னாலே எல்லாரும் கேக்குறது இந்தப் பால் வெள்ளையத்தான். புள்ளியப் பாத்தா மூஞ்சியச் சுளிக்கிறாங்க, பொண்ணு பாக்க வந்தவங்க கணக்கா.

வாங்க வர்றவங்க பல்லப் பாப்பாங்க, நகத்த எண்ணுவாங்க, கடைசியில "காது கேக்குமா?"ம்பாங்க. வெள்ளையில செவிடு விழும்னு எவனோ கெளப்பி விட்டிருக்கான். அதுக்கு எங்கிட்ட ஒரு வழி இருக்கு. மைன்ஸ்ல சுண்ணாம்புக்கல்லுக்கு வெடி வைக்கிற நேரத்துக்கு வரச் சொல்லிருவேன். இன்னைக்கும் அப்படித்தான். மொதல்ல எச்சரிக்கைக்குச் சங்கு ஊதுச்சு. புள்ளிக் குட்டி மூணும் காத வெடைச்சுது. வெள்ளை ரெண்டும் அசையாம தூங்குது, சோம்பேறிக் கழுதைங்க. அப்பறம் வெடி. ஜன்னல் கிடுகிடுங்குது. அஞ்சும் அலறிப் பொடைச்சு எந்திரிச்சு நின்னுது. "பாத்துக்குங்க, அஞ்சுக்கும் காது சுத்தம்"னேன்.

வெள்ளைக் கடுவன் குன்னத்துக்குப் போச்சு. பருத்திக் கமிஷன் கடைக்காரர். வெள்ளைப் பொட்டை அரும்பாவூருக்கு, கலான்னு ஒரு பொண்ணு. புருசன் சவுதியில. தோட்டத்துக்குள்ள தனி வூடு, கூட நாலு வயசுப் பாப்பா மட்டும். ராத்திரியில தூக்கமே வர்றதில்லக்கான்னா. குட்டிய மாராப்புக்குள்ள வச்சுக்கிட்டு பஸ் ஏறுனா. மத்த மூணும் ஜெயங்கொண்டம், திருமானூர் பக்கம். நல்ல வூடுங்க.

9.9

பவளம் சோறு தொடல. மூலை மூலையா மோந்து பாக்குது. எனக்கும் வேல ஓடல. இவரு ஷிப்டுக்குக் கெளம்பும்போது, "நீயும் மோந்து பாரேன்"ங்கிறாரு. கிண்டலுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல.

20.10, ஞாயிறு

விடியக்காலைல இருந்து மழை. அடுப்புக்கட்டி ஈரம்.

குன்னத்துக்காரர் வண்டியில வந்து எறங்குனாரு. முன்னாடி சாக்கு. சாக்குக்குள்ள வெள்ளைக் கடுவன். "இந்தாம்மா உன் மகாராசா. கூப்பிட்டா வரமாட்டாரு. தட்டு வச்சா மட்டும் வருவாரு. நாலு போட்டும் பாத்தாச்சு, திமிரு கொறையல."

முதுகுல விரக்கடை அகலத்துக்குத் தடிப்பு. மூணு. வாயி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிரலாம்னு பாத்தேன். முடியல. "உங்க புள்ள கூப்பிட்டு வரலன்னாலும் இப்படித்தான் போடுவீங்களா?"

"எம் புள்ள கூப்பிட்டா வருவாம்மா"ன்னாரு. குடுத்த காசத் திருப்பி வாங்கிக்கிட்டு, ஒரு வாய் தண்ணி கூட குடிக்காம போயிட்டாரு.

வெளக்கெண்ணெய் தடவுனேன். கையெல்லாம் நக்குது. பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தேன், வெள்ளையா வெள்ளையான்னு. திரும்பல. பின்னாடி போயி ஈயத்தட்ட நங்குனு தரையில போட்டேன். வெடுக்குனு திரும்புச்சு. அப்பாடா, கேக்குதுன்னு நெனைச்சேன். அப்ப அந்தாளு சொன்னது நெசந்தானா, திமிருதானா? மறுபடி கூப்பிட்டேன். வரல. எனக்கு எங்க இருந்து வந்துச்சோ கோவம், நானும் முதுகுல ஒண்ணு வச்சுட்டேன். அந்தத் தடிப்பு மேலயே.

21.10

அரியலூர் மாட்டாஸ்பத்திரி. மழையில ஆட்டோக்காரன் நாயி ஏறக் கூடாதுன்னுட்டான். இடுப்புல தூக்கிக்கிட்டே நடந்தேன்.

டாக்டர் மேசை மேல சாக்க மடிச்சுப் போட்டு, அதுமேல நிக்க வச்சாரு. பின்னாடி இரும்புத் தட்ட ஓங்கித் தட்டுனாரு. நான் பதறிட்டேன், அது காதக் கூட அசைக்கல. எறக்கி விட்டுட்டு, செருப்புக் காலால தரையில ஒரு மிதி. ஒடனே திரும்பிப் பாத்துச்சு.

"இதுக்குத் தரையிலதாம்மா கேக்குது. காதுல இல்ல."

"மைன்ஸ் வெடிக்கு எந்திரிச்சுச்சே சார். நாலு பேரு பாத்தாங்க."

"வெடிக்குத் தரை அதிரும்ல? அதுக்கு முன்னாடி சங்கு ஊதுவாங்களே, அதுக்கு எந்திரிச்சுச்சா?"

தூங்குனுச்சே. ரெண்டும் தூங்குனுச்சே. சோம்பேறின்னு திட்டுனேனே.

பொறவியிலயே அப்படியாம். மருந்து கெடையாது. அதே அப்பனோட பவளத்த இனிமே சேக்காதன்னாரு. "இதே மாதிரி முழு வெள்ளை வேற இருக்கா?"

"ஒண்ணு. அரும்பாவூர்ல."

டாக்டர் சோப்பு போட்டுக் கை கழுவுனாரு. ரொம்ப நேரம்.

23.10

அரும்பாவூர் போகணும். இன்னைக்கு மழை. நாளைக்கு.

24.10

மழை இல்ல. இவருக்கு டபுள் ஷிப்டு. சோறு கட்டணும்.

27.10

போகல. பவளத்துக்குக் கால்ல முள்ளு. சும்மா எழுதுறேன், முள்ள எடுத்து ரெண்டு நாளாச்சு. பயமா இருக்கு, அதான்.

இந்த வாரம் வெள்ளையனப் பாக்க வந்தவங்க:

- ஒரு டீச்சரம்மா. செவிடுன்னு சொன்னதும் "அச்சோ பாவம்". பிஸ்கட் போட்டாங்க. போயிட்டாங்க.

- ஆட்டுக்காரர். "சீட்டியடிச்சா திரும்பாத நாய வச்சு நான் என்னத்தப் பண்ணட்டும்?" ஞாயமான கேள்வி.

- காருல ஒரு ஆளு, தஞ்சாவூராம். "காது எதுக்கு, கலருக்குத்தான் கேக்குறேன். ஜோடி சேத்தா அத்தனையும் வெள்ளையா விழும்." செவிடாவும் விழும்னேன். "விக்கிறப்ப அத யாரு சொல்லப் போறா?" செருப்பத்தான் எடுக்கல. அவன் போன பொறவு ஒக்காந்து யோசிச்சேன். பவளத்துக்கு வெள்ளைக் கடுவனாப் பாத்துத் தேடி அலைஞ்சது யாரு? நான்தானே.

இவரு சொல்றாரு, "சொல்லாம குடுத்துரு. நீ என்ன தெரிஞ்சா செஞ்ச?" அப்ப தெரியாது. இப்பத் தெரியுமேன்னு கத்துனேன். எதிர்வூட்டுல விளக்குப் போட்டாங்க.

சொல்லாம குடுத்தா இன்னொருத்தங்க கையில அடி வாங்கும். இல்லன்னா சிமெண்டு லாரி. ஹார்ன் அடிச்சா ஒதுங்காதே. கட்டிப் போட்டா கொலைச்சுக் கொலைச்சே செத்துரும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுது.

4.11, திங்கள், தீவாளி

காலைல இட்லி, கறி. மழை விட்டு விட்டு.

மொத வெடிக்கே பவளம் கட்டிலுக்கு அடியில. வெடவெடன்னு நடுங்குது. ஒரு வாய் கறி கூட திங்கல. வெள்ளையன் வாசல் கோலத்து மேல நாலு காலையும் நீட்டித் தூங்குறான். மேல சரவெடித் தாளு செவப்பா விழுது. தெருவுல போறவங்க எல்லாம் நின்னு பாக்குறாங்க, "பார்றா, என்னா தைரியம்"னு.

எந்திரிச்சவன் நேரா நடுத் தெருவுக்குப் போறான். அங்க எவனோ அணுகுண்டுக்குத் திரிய பத்த வச்சிருக்கான். இவன் வால ஆட்டிக்கிட்டு அத மோந்து பாக்கப் போறான். நான் வெள்ளையா வெள்ளையான்னு கத்துறேன். யாருகிட்ட கத்துறேன்? ஓடிப் போயித் தூக்கிட்டுத் திரும்புனேன், முதுகுக்குப் பின்னாடி வெடிச்சுது. இன்னும் என் காது ஙொய்ங்குது.

அரும்பாவூர்ல என்ன நடக்குதோ. நாளை மறுநாள் கட்டாயம். இவரு மேல சத்தியம் வச்சுட்டேன், இனிமே தப்ப முடியாது.

6.11

அரியலூர், பெரம்பலூர், அங்க மாறி அரும்பாவூர் பஸ். ரோட்டோரமெல்லாம் வெங்காயக் காட்டுல தண்ணி நிக்குது. தீவாளிப் பலகாரம்னு சாக்கு வச்சு ஒரு தூக்குவாளி நெறைய அதிரசம், முறுக்கு.

கலா வாசல்லயே, "வாங்கக்கா, வாங்கக்கா." ஒரு சுத்து சதை போட்டிருக்கா. கண்ணுக்குக் கீழ இருந்த கருப்பக் காணோம். குட்டிக்குப் பைரவின்னு பேரு வச்சிருக்கு. கழுத்துல மணி, நெத்தியில குங்குமம். பாப்பா அது மேல சாஞ்சு ஒக்காந்து முறுக்கு திங்குது.

"தீவாளிக்கு ஆயிரம் வாலா வெடிக்குதுக்கா, இது பாட்டுக்குப் படுத்திருக்கு. ஊரே வந்து பாத்துச்சு. போன மாசம் பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் வயர அறுத்துட்டுப் போயிட்டானுங்க. எங்க பக்கம் ஒருத்தன் எட்டிப் பாக்கல. பைரவி வந்த பொறவுதாங்க்கா நான் கண்ண மூடித் தூங்குறேன்."

நான் கொண்டு போன அதிரசத்த நானே ரெண்டு தின்னேன். வாயி சும்மா இருந்தா சொல்லிருவேனோன்னு. பைரவி முதுகக் காட்டித் திரும்புன நேரம் பாத்து மெதுவா விரலச் சொடுக்குனேன். திரும்பல. இன்னொரு தடவ. திரும்பல.

சொல்லாம எந்திரிச்சுட்டேன். செருப்பு கூட மாட்டிட்டேன். அப்ப பாப்பா கேட்டுச்சு, "திருடன் வந்தா பைரவி கடிக்குமா?" அவ்வளவுதான். ஒக்காந்து சொல்லிட்டேன்.

கலா சிரிச்சா. "போங்கக்கா." பின்னாடி போயி "பைரவி!"ன்னு கையத் தட்டிக்கிட்டு ஒரு எட்டு குதிச்சு வந்தா. தரை அதிர்ந்துச்சு, பைரவி திரும்புச்சு. "பாத்தீங்களா?"ன்னா. அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். செப்டம்பர் எட்டாந்தேதி எனக்கு இருந்த மூஞ்சி.

நான் மறுபடி வெளக்க வெளக்க அவ மொகம் மாறிருச்சு. "யாராவது கூடக் குடுக்குறேன்னாங்களா? அதான் திருப்பி வாங்க வந்தீங்களா?"

"இல்ல தாயி. கயித்துக் கட்டில்ல ஏத்திப் படுக்க வச்சுட்டு, பின்னாடி அசையாம நின்னு கூப்பிட்டுப் பாரு. அது போதும்."

தூக்குவாளிய எடுத்து எங் கையில குடுத்துட்டா. மிச்சப் பலகாரத்தோடயே. எங்க பக்கத்து போன் பூத்து நம்பரத் தாள்ல எழுதி படியில வச்சுட்டு வந்தேன். பஸ்ல நிக்க எடமில்ல, ஒருத்தரு எந்திரிச்சு எடம் குடுத்தாரு. அழுதுக்கிட்டு இருந்தேன் போல.

7.11

வெயில். மத்தியானம் சங்கு ஊதுனதும் வெள்ளையனத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன். கால் நாலும் வெளிய தொங்குது, அவ்வளவு வளந்துட்டான். தரையில ஒரு நகம் கூடப் படல. நானும் கயித்துக் கட்டில்லதான் ஒக்காந்திருந்தேன்.

வெடிச்சுது. பவளம் ஓடுச்சு. கொடியில இருந்த துணி ஆடுச்சு. எனக்குத் தெரிஞ்ச வெடிதான், ஆனாலும் ஒடம்பு தூக்கிப் போட்டுச்சு. அதுலதான் அவன் தலையத் தூக்கி, உனக்கு என்னாச்சுங்கிற மாதிரி என்னப் பாத்தான்.

8.11

போன் இல்ல.

9.11

போன் இல்ல. பூத்துக்காரர்கிட்ட ரெண்டு தடவ கேட்டேன். "யாரு, புள்ளையா? வெளியூர்ல படிக்குதா?"ங்கிறாரு.

இவரு ஆபீசுல எழுதி ஒட்டிட்டு வந்திருக்காரு: நாய்க்குட்டி இலவசம், காது கேக்காது. கீழ எவனோ, எம் பொண்டாட்டிக்கும்தான்னு எழுதி வச்சிருக்கானாம். சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நானும் சிரிச்சுட்டேன், என்ன பண்றது.

10.11, ஞாயிறு

சாயந்திரம் தூறல். பூத்துக்காரர் வாசல்ல இருந்து சத்தம் போட்டாரு, "அரும்பாவூரு லைன்ல!" செருப்பு போடாம ஓடுனேன்.

கலாதான். பின்னாடி பாப்பா கொரலு, பைரவி பைரவின்னு.

"கட்டில்ல ஏத்திப் பாத்தேங்க்கா."

"நான் வந்து எடுத்துக்கிறேன் தாயி. பவளத்தக் கொண்டாந்து உங்கிட்ட விடறேன். அதுக்கு நல்லாக் கேக்கும்." எப்படித்தான் சொன்னேனோ. பவளம் எம் பின்னாடியே பூத்து வரைக்கும் வந்து நனைஞ்சுக்கிட்டு நிக்குது.

"வேணாம். பாப்பா அது மேல காலப் போட்டுத்தான் தூங்குது. பிரிக்க முடியாது."

சரின்னேன்.

"ஏங்க்கா சொன்னீங்க? இப்ப அதுங்க ரெண்டும் தூங்குது. நான் முழிச்சுக் கெடக்குறேன்."

வச்சுட்டா.

வூட்டுக்கு வந்தேன். வெள்ளையன் கதவுகிட்ட முதுகக் காட்டிப் படுத்திருந்தான். கூப்பிட வாயத் தொறந்துட்டு, மூடிக்கிட்டேன். காலால ஓங்கித் தரையில ஒரு தட்டு தட்டுனேன்.

திரும்பிப் பாத்து வாலாட்டுனான்.