இரண்டாவது பிரேக்

மார்ச் 3

சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. அம்மா இரண்டு கார்களின் படங்களைப் பரப்பி வைத்திருக்கிறாள். சிவப்பாக ஒன்று, அமெரிக்க மசில் கார். எட்டு சிலிண்டர், நீள மூக்கு, கையால் மாற்றும் கியர். சாம்பல் நிறத்தில் இன்னொன்று, ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கூப்பே. தாழ்வாக, வழுவழுப்பாக, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். இரண்டும் பழைய வண்டிகள்தான், ஒரே ஷோரூமில் நிற்கின்றன. இரண்டுக்கும் கதவு இரண்டே இரண்டு.

அவள் தன் டிரைவிங் ஸ்கூலை மூடிக் கொஞ்ச நாளாகிறது. ‘ஆமை’யையும் விற்றாகிவிட்டது. அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் பொருத்திய வெள்ளைக் கார் அது.

“முப்பது வருஷம் அடுத்தவன் ஓட்டுற வண்டியிலதான்டி உக்காந்திருந்தேன். எனக்கு ஒரே ஒரு பிரேக் இருக்கிற வண்டி வேணும். அதுவும் என் காலுக்குக் கீழதான் இருக்கணும்.”

சித்தி போனில் கேட்டாளாம்: “இந்த வயசுல ரேஸுக்குப் போறியாக்கா?”

“போறேன். நீ வந்து கொடி ஆட்டு.”

மார்ச் 6

யார் வண்டியில் ஏறினாலும் அம்மாவின் வலது கால் தரையை அழுத்தும். டாக்ஸியில், பஸ்ஸில், ஒருமுறை சினிமாத் தியேட்டரில்கூட. சித்தி காரில் அந்த இடத்தில் மட்டும் மேட் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. “உங்க அக்கா காலுக்குத் தனியா இன்ஷூரன்ஸ் எடுக்கணும்” என்பார் சித்தப்பா.

லைசன்ஸ் இருந்தும் நான் ஓட்டாமல் போனதற்கு அந்தக் கால்தான் காரணம். அவள் ஒரு நாளும் திட்டியதில்லை. திட்டியிருக்கலாம். சத்தமில்லாமல் அந்தக் கால் கீழே போகும்போதெல்லாம், ‘உன்னை நம்ப முடியவில்லை’ என்று யாரோ காதருகே சொல்வதுபோல் இருக்கும். அதன் பிறகு பஸ், புத்தகம், ஜன்னலோர சீட். புத்தகங்களின் கடைசிப் பக்கங்களுக்குச் சொல்லடைவு தயாரிக்கிற வேலைக்கு வண்டி எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று மாடிப்படியில் அம்மாவின் இடது செருப்பு கழன்று கிடந்தது. அவள் வெறுங்காலுடன் கீழே போய்விட்டிருந்தாள். எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். “அட, கழண்டதே தெரியல” என்றாள்.

மார்ச் 12

ஷோரூம். விற்பனைக்காரர் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பழைய மாணவராம்.

“மாஸ்டரம்மா! என்னைய ஞாபகம் இருக்கா?”

“மறக்க முடியுமா? நீ இடிச்ச கேட்டுக்கு நான்தானே பெயின்ட் அடிச்சுக் குடுத்தேன்.”

முதலில் சாம்பல். நான் பின்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். பின்சீட் என்று அதைச் சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். அம்மா அருமையாக ஓட்டினாள். ரவுண்டானாவில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகத் திருப்பினாள். வண்டி ஒருமுறை சிலிர்த்து, தன்னைத் தானே நேராக்கிக்கொண்டது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

“நல்ல வண்டிதான். நான் தப்புப் பண்ணினா சொல்லாமலே திருத்திடுது. என் பக்கத்துல நானே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு.”

இறங்கும்போது கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றாள். ஒரு தடவையில் முடியவில்லை. நான் விலை அட்டையைப் படிப்பதுபோல் நின்றேன்.

பிறகு சிவப்பு. அதை ஸ்டார்ட் செய்தபோது ஷோரூம் கண்ணாடி அதிர்ந்தது. அம்மா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அப்பா போனபிறகு நான் பார்த்ததில்லை. மேம்பாலம் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பாதி ஏற்றத்தில் சிக்னல். பச்சை விழுந்ததும் அவள் இடது கால் கிளட்ச்சிலிருந்து வழுக்கியது. வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோனது. பின்னால் ஹாரன்.

பக்கத்து சீட்டிலிருந்த விற்பனைக்காரர் சட்டென்று சொன்னார்: “பரவால்ல. அடிக்கிறவன் அடிச்சுக்கட்டும். நியூட்ரல்ல போடுங்க, மூச்ச விடுங்க, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று அவருக்கு உறைத்தது. எல்லா மாணவர்களிடமும் அம்மா சொல்வது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுபடியும் அணைந்தது. அதற்கு அடுத்த முறைதான் கிளம்பியது.

“இந்த வண்டிக்குக் கிளட்ச் கொஞ்சம் கனம், மாஸ்டரம்மா.”

“வண்டி மேல பழி போடாத. இதையும் நான்தான் உனக்குச் சொல்லிக்குடுத்தேன்.”

மார்ச் 13

டாக்டரிடம் வரமாட்டாளாம். செருப்பு சரியில்லையாம்.

மார்ச் 27

வந்தாள். சித்திதான் இழுத்துக்கொண்டு வந்தாள். நரம்பு டாக்டர் அவள் காலில் ஊசிகளைக் குத்தி ஒரு திரையில் கோடுகளைப் பார்த்தார். டாக்டர்கள் முகத்தை இப்படி ஒன்றும் காட்டாமல் வைத்துக்கொள்ள எங்கே கற்றுக்கொள்கிறார்கள்?

ஏப்ரல் 2

அந்த நோயின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர்களை அகர வரிசையில் அடுக்கித்தான் சம்பாதிக்கிறேன். இது ஒன்றாவது எந்த வரிசையிலும் நிற்காமல் போகட்டும்.

டாக்டர் என்னைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். அம்மா குறுக்கிட்டாள். “என்னைப் பாத்துச் சொல்லுங்க சார். ஓட்டப்போறது நான்தானே.”

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளிடம் சொன்னார். தசைக்கு ஆணை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. இப்போது இடது கால். அடுத்தது வலது. பிறகு கைகள். வேகம் ஆளுக்கு ஆள் மாறும். திரும்பி வராது.

“கிளட்ச் இல்லாத வண்டி ஓட்டலாமா?”

“வலது கால் சொன்னபடி கேக்கிற வரைக்கும் ஓட்டலாம். அது எவ்வளவு நாள்னு என்னால சொல்ல முடியாது.”

வராந்தாவில் சொன்னாள்: “போயும் போயும் நான் மசில் கார் பாத்திருக்கேன் பாரேன்.” அவளே சிரித்தாள். சித்தி முகத்தை மூடிக்கொண்டாள். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஏப்ரல் 5

யோசிக்க இதில் என்ன இருக்கிறது? சாம்பல்தான். கிளட்ச் கிடையாது. இன்னும் கொஞ்ச காலம் அவள் ஓட்டலாம். அந்தக் கொஞ்ச காலம்தானே நமக்கு மிச்சம்? இதையெல்லாம் நிதானமாக எடுத்துச் சொன்னேன். நிதானமாகத்தான் ஆரம்பித்தேன்.

“சிவப்புதான்” என்றாள்.

“அதுல நீ கிளட்ச்சே அமுத்த முடியாதும்மா!”

“சாம்பல்ல ஏறிடுவேன். இறங்குறது? குழிக்குள்ள இருந்து தூக்குற மாதிரி தூக்கணும். யாரு தூக்குவா? நீயா? புத்தகம் தூக்குற கை. சிவப்புல சீட்டு மேல இருக்கு. கதவு நல்லா அகலம். சக்கர நாற்காலியப் பக்கத்துல ஒட்டி நிறுத்தலாம். அளந்து பாத்துட்டேன்.”

எப்போது அளந்தாள்?

அதே சிவப்பில் ஆட்டோமேட்டிக் தேடலாமே என்றேன். “தேடி வர்றதுக்குள்ள வலது காலும் போயிடும்.” நாலு கதவு வைத்த சாதாரண வண்டி போதுமே என்றாள் சித்தி. “ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி ஒரு வண்டிய வாங்கி, அதுல ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றியா?”

“சரிம்மா, எப்படித்தான் ஓட்டப்போற?”

“நான் ஓட்டப்போறேன்னு யாருடி சொன்னா?”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. சித்திக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 6

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 8

அவ ஏன் இப்படிப் பண்றா? ஓட்டுறதுதான அவ வாழ்க்கையே? கையில இருக்கிற நாளை வச்சுக்கிட்டு ஓட்ட வேண்டியதுதான? அதை என் தலையில கட்டினா நான் என்ன பண்ணுவேன் — அந்தச் சத்தம், அந்த மூக்கு, அதுக்கு முன்னால நடக்கிற சனங்க, பக்கத்துல அந்தக் கால் —

சாம்பலை வாங்கினால் அவள் ஓட்டுவாள், நான் பார்த்துக்கொண்டிருக்கலாம். உண்மையில் எனக்கு வேண்டியது அதுதானோ? அவளுக்காகத்தான் சாம்பலைச் சொன்னேனா?

ஏப்ரல் 11

அவள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்திருந்தாள். இடது பாதத்தைச் சுவரில் வைத்து அழுத்துகிறாள், மெல்ல விடுகிறாள். அழுத்துகிறாள், விடுகிறாள். இடது கை தொடைக்குப் பக்கத்தில் இல்லாத கியரைத் தள்ளுகிறது. பாதம் சுவரில் நிற்காமல் சரிந்தது. இரண்டு கையாலும் அதைத் தூக்கி மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. பிறகு கூடத்திலிருந்து சத்தமாகச் சொன்னேன்: “அம்மா, சிவப்பையே சொல்லிடலாம்.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. “உனக்குக் கிளட்ச் கால் நீளந்தான்” என்றாள் உள்ளேயிருந்து. “பழகிடும்.”

மே 3

சிவப்பு வந்துவிட்டது. எங்கள் தெருவைக் கடப்பதற்குள் இரண்டு முறை அணைத்தேன். அந்தக் கிளட்ச்சை மிதிப்பது துருப்பிடித்த இரும்புக் கேட்டைக் காலால் தள்ளுவதுபோல் இருக்கிறது.

நாய் குறுக்கே வந்தால் அம்மா தரையை அழுத்துகிறாள். சைக்கிள் வந்தால் அழுத்துகிறாள். ஒன்றும் வராவிட்டாலும் அழுத்துகிறாள்.

“அங்க பிரேக் இல்லம்மா!”

“தெரியும். இருந்தா நல்லா இருக்கும்.”

மே 29

இன்று ஒருமுறைகூட அணையவில்லை. அந்த இன்ஜின் சத்தம் காதில் அல்ல, விலா எலும்பில் கேட்கிறது. சத்தமே ஆகாத எனக்கு அது பிடித்துப்போய்விட்டதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது கியரில் கொஞ்சம் இழுத்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். கைத்தடி அவள் மடியில் குறுக்கே கிடந்தது.

ஷோரூமைத் தாண்டித்தான் வந்தோம். சாம்பல் அங்கே இல்லை. யாரோ வாங்கிவிட்டார்கள்.

ஜூலை 20

சக்கர நாற்காலி வந்தது. டிக்கியில் சரியாக அடங்குகிறது. அதையும் அளந்துவைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 9

ஸ்பூனை நழுவவிடுகிறாள். நான் எடுப்பதற்குள் சித்தி எடுத்துவிட்டாள்.

செப்டம்பர் 14

சாயங்காலம் ஏரிப் பக்கச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். மேகமூட்டம். நான்காவது கியர். சாலையில் எங்களைத் தவிர யாருமில்லை என்றுதான் நினைத்தேன். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பால் வேன் பார்க்காமல் நேரே முன்னால் வந்துவிட்டது.

யோசிக்கவில்லை. இரண்டு காலும் ஒன்றாகக் கீழே போயின. டயர் அலறியது. வேனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது. வண்டி அணையவும் இல்லை. வேன்காரன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

நான் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, காலை. வலது பாதம் கால்மிதியின் மேல் தட்டையாக, வைத்தது வைத்தபடி இருந்தது. அசையவே இல்லை.

இத்தனை வருடத்தில் இதுதான் முதல் முறை. பரீட்சையில் தேறிவிட்ட சின்னப் பெண்போல நான் கத்தினேன்: “அம்மா, நீ அமுத்தவே இல்ல!”

அவள் கண்ணாடி வழியாக வேன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அமுத்தினேன்டி” என்றாள். “முழுசா அமுத்தினேன்.”

வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. ஏரியின் மேல் ஏதோ ஒரு பறவை தாழப் பறந்து போனது. என்னால் கையைத் தூக்க முடியவில்லை.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

“நல்லாத்தான் பிடிச்ச” என்றாள். “நடு ரோட்ல நிக்காத. ஃபர்ஸ்ட் போடு.”

போட்டேன்.